எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டியவள்

கொல்லம் 1108-ஆம் ஆண்டு ஆனி மாதம் இரண்டாம் நாள், ஆங்கிலக் கணக்கில் 1933 ஜூன் 16, வெள்ளிக்கிழமை மாலை, பாறசாலை வாசகசாலையின் பரிசளிப்புக் கூட்டத்தில் நான் பேசியதையும், பேசும்போது நடந்ததையும், கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதிவைக்கப் போகிறேன். எனக்குப் பெருமை தராத பகுதியையும் விடமாட்டேன். 'பெண்களும் மருத்துவப் பட்டங்களும்' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. கால் மணி நேரம் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். காஞ்சிரங்குளம் கருப்பட்டி வியாபாரி கனகதாஸ் முதலாளியின் மகள் சுகுமாரி அக்காவுக்கு மருத்துவப் பள்ளியில் இடம் உண்டா இல்லையா என்பது அந்தக் கூட்டம் கலைவதற்குள் முடிவாக வேண்டியிருந்தது. அது அக்காவுக்கே தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். கூட்டத்தார் பேசியதையும் இடையில் நடந்ததையும் அடைப்புக்குள் எழுதியிருக்கிறேன். இனி என் பேச்சு.

திருவனந்தபுரத்திலிருந்து மழையையும் பாராமல், வழியில் இருமுறை சேற்றில் புதைந்த காரையும் பாராமல் வந்து, இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாஜிஸ்திரேட் ஸ்ரீ ஞானசம்பந்தம் பிள்ளை அவர்களே, இந்த வாசகசாலையின் காரியதரிசியாக இருந்து, புத்தகங்களைக் கறையானிடமிருந்தும் எங்களை அறியாமையிடமிருந்தும் காத்துவரும் நெல்லையப்ப பிள்ளை அவர்களே, ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்கும் மற்ற நாட்களில் ஊருக்கும் நல்வார்த்தை சொல்லும் உபதேசியார் ராஜதாஸ் அவர்களே, வண்டியை வாசலில் அவிழ்த்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் கனகதாஸ் முதலாளி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்த பெரியோர்களே, பின்வரிசையில் அமர்ந்தாலும் பேச்சை முதலில் புரிந்துகொள்ளும் தாய்மார்களே, இடமில்லாமல் ஜன்னலில் ஏறி நிற்கும் அண்ணன்மார்களே, உங்கள் அனைவருக்கும் உமையம்மாளாகிய என் பணிவான நமஸ்காரம்.

கணக்கில் முதலாக வந்தவள் என்று சொல்லி, சற்றுமுன் தலைவர் அவர்கள் தம் கையாலேயே எனக்கு இந்த வெள்ளிப் பதக்கத்தை அணிவித்தார்கள். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. அது என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் தலைப்புக்கு வருகிறேன்.

வைத்தியம் படிப்பது என்கிறோமே, அது ஒரு படிப்பா, ஒன்பது படிப்பா? அதற்கு ஒரு வாசலா, பல வாசலா? சென்னை ராஜதானியில் பெண்களுக்கென்று நடக்கும் ஒரு மருத்துவப் பள்ளி தன் விவரப் புத்தகத்தைச் சுகுமாரி அக்காவுக்கு அனுப்பியிருந்தது. நாற்பத்திரண்டு பக்கம். அவள் ஒருமுறை படித்தாள். நான் மூன்று முறை படித்தேன். அதிலிருந்து சொல்கிறேன்.

எல்.எம்.பி. என்று ஒரு படிப்பு. நான்கு ஆண்டு. பள்ளி இறுதித் தேர்வில் தேறிய பெண் நேராகச் சேரலாம். படித்து முடித்தவள் மருந்து எழுதலாம், கட்டி அறுக்கலாம், பிரசவம் பார்க்கலாம். ஆனால் அது பட்டம் அல்ல, வைத்தியம் செய்ய அரசாங்கம் தரும் உரிமை. பட்டம் என்றால் எம்.பி.பி.எஸ். அதற்குப் பள்ளி இறுதி போதாது. கல்லூரியில் இரண்டு ஆண்டு இண்டர்மீடியட் படிக்க வேண்டும். பௌதிகம், ரசாயனம், ஜீவசாஸ்திரம் மூன்றிலும் தேற வேண்டும். அதற்குப் பின் ஐந்து ஆண்டு. ஏழு ஆண்டு பொறுக்க முடியாத வீட்டுப் பெண்ணுக்கு நான்கு ஆண்டு வாசலும் உண்டு. அதன் வழியே உள்ளே போனவள் பிற்பாடு மேலே படித்துப் பட்டமும் பெறலாம் என்கிறது புத்தகம். பட்டம் பெற்றவளுக்கு அதற்கு மேலும் பட்டம் உண்டு. மருந்தால் தீர்ப்பவளுக்கு எம்.டி., கத்தியால் தீர்ப்பவளுக்கு எம்.எஸ். அதுவும் போதாது என்பவளுக்குக் கப்பலும் கடலும் லண்டன் பரீட்சைகளும் இருக்கின்றன.

(ஜன்னலில் நின்ற காப்பிக்கடை தாணுமாலயன், "பிள்ளே, இவ்வளவு எழுத்தையும் பேருக்குப் பொறத்தால எழுதினா, சீட்டில மருந்து எழுத எடம் உண்டுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.)

தாணு அண்ணன் கேட்கிறார். அண்ணனின் கடைப் பலகையில் பால் காப்பி, சுக்குக் காப்பி, கட்டன் காப்பி என்று மூன்று எழுதியிருக்கிறது. உள்ளே போய்க் கேட்டால் மூன்று பெயருக்கும் பால் இல்லாத கட்டன் காப்பிதான் வருகிறது. நான் சொல்லும் பலகை அப்படிப்பட்டது அல்ல. எழுதியதெல்லாம் உள்ளே உண்டு.

(இம்முறை தாணு அண்ணனும் சிரித்தார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழே கால் மணிக்கு அவர் புறப்பட வேண்டும் என்று காரியதரிசி முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். அப்போது மணி ஆறரை.)

பட்டங்களைச் சொன்னேன். பட்டங்கள் எதற்கு? சுவரில் மாட்டவா, பெயரில் ஒட்டவா? போன ஐப்பசி மழையில் திருப்புறத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நடந்தது யாருக்கோ அவர் இங்கேயே அமர்ந்திருக்கிறார். "ஒங்க காரியத்த மேடையில சொல்லட்டா அக்கா?" என்று நேற்றே கேட்டேன். "சொல்லு மக்கா, பேரையும் சேத்துச் சொல்லு" என்றார். அம்மிணி அக்காதான் அவர்.

இரண்டு நாள் வலி. மூன்றாம் நாள் டாக்டரைக் கூட்டி வந்தார்கள். நல்ல மனிதர். கொட்டும் மழையில், மாட்டுவண்டியில், தம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஆனால் ஆண் ஆயிற்றே. அறைக்குள் விடுவார்களா? முற்றத்தில், ஓலைக்குடைக்குக் கீழே நின்றார். வாசற்படியில் அம்மிணி அக்காவின் வீட்டுக்காரர். அறைக் கதவருகே, பக்கத்து வீட்டுக்கு விருந்து வந்திருந்த சுகுமாரி அக்கா. டாக்டர் கேட்டது படிக்குப் போகும். படியிலிருந்து கதவுக்குப் போகும். கதவிலிருந்து கட்டிலுக்குப் போகும். பதில் அதே வழியில் திரும்பி வரும்.

டாக்டர் கேட்டார், "குழந்தையின் அசைவு தெரிகிறதா?" வீட்டுக்காரருக்கு அந்தச் சொல் நாக்கில் வரவில்லை. இத்தனை பேர் முன்னால் மனைவியிடம் எப்படிக் கேட்பார்? "சுகமா இருக்காளான்னு கேக்காரு" என்றார். சுகுமாரி அக்கா கேட்டாள். அம்மிணி அக்கா என்ன சொல்வார்? விருந்தாளி கேட்டாலும் வைத்தியர் கேட்டாலும் நம் பெண்கள் சொல்லும் பதில் ஒன்றுதானே? "சுகம்" என்றார். சுகம் என்ற சொல் கதவைத் தாண்டி, படியைத் தாண்டி, மழையைத் தாண்டி டாக்டரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் வலிக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போனார். விடியும்போது குழந்தை இல்லை.

டாக்டர்மேல் பிழையா? வீட்டுக்காரர்மேல் பிழையா? நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அன்று சுகுமாரி அக்கா என்னிடம் சொன்னதை மட்டும் சொல்கிறேன். "நான் கதவுப் பக்கத்திலதான் நின்னேன் உமையா. எனக்குக் கேக்கத் தெரியல்ல பாத்தியா. கேக்கத் தெரிஞ்சவ ஒருத்தி உள்ள நிக்கணும்." அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த வாரமே விவரப் புத்தகத்துக்கு எழுதிப்போட்டாள். பட்டம் எதற்கு என்றால், இதற்கு.

(மழை ஓட்டின்மேல் விழுவது கேட்டது. அம்மிணி அக்கா தலையை நிமிர்த்தியே வைத்திருந்தார். காஸ் விளக்குகளை ஏற்றினார்கள்.)

சரி, அந்தப் பள்ளியில் சேர என்ன வேண்டும்? பள்ளி இறுதித் தேர்வில் கணக்கும் ஆங்கிலமும் நன்றாக இருக்க வேண்டும். அக்கா முதல் வகுப்பு. தலைமையாசிரியையின் நன்னடத்தைச் சான்று வேண்டும். இருக்கிறது. அம்மை குத்திய தழும்பு வேண்டும். இரண்டு கையிலும் இருக்கிறது. தகப்பனார் சம்மதக் கையெழுத்து வேண்டும். கனகதாஸ் முதலாளி பத்து நாள் யோசித்து, பதினோராம் நாள் இட்டார். உடல் எடை எழுத வேண்டும். அதற்கு இந்த ஊரில் தராசு எங்கே இருக்கிறது? கருப்பட்டிக் கடையில்தான் இருக்கிறது. ஒரு தட்டில் மகளை உட்கார்த்தி, மறு தட்டில் கருப்பட்டிச் சிப்பங்களை முதலாளி அடுக்கினார். தொண்ணூற்று நாலு ராத்தல். "கருப்பட்டியா இருந்தா நேத்தே வித்துப் போயிருக்கும்" என்று அவர் சிரித்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்தச் சிரிப்பை இந்த வாரம் நான் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை? இன்னும் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஜூலை முதல் தேதியன்று பதினேழு வயது நிறைந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை மருத்துவப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. வயது நிறையவில்லை, ஆகவே இடமில்லை என்று எழுதியிருந்தது. எழுதிய தேதி பிழையானால் மாஜிஸ்திரேட் ஒருவர் கையெழுத்திட்ட வயதுச் சான்று ஜூன் இருபதாம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும் என்று அடியில் ஒரு வரி. அந்த வரியை யாரும் பொருட்படுத்தவில்லை.

அக்காவுக்குப் போன ஐப்பசியிலேயே பதினேழு நிறைந்துவிட்டது. அப்படியிருக்க, நிறையவில்லை என்று எப்படி எழுதுகிறார்கள்? ஊரில் கூடிப் பேசினார்கள். "வெள்ளைக்காரனுக்க ஆண்டு நீளமாக்கும். நமக்கு நெறஞ்சாலும் அவனுக்கு நெறயாது" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையசைத்தார்கள். அக்கா ஓடிவந்து என்னிடம் கேட்டாள். கணக்கில் முதல் மாணவியான நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆங்கிலக் கணக்கு அப்படித்தான் அக்கா" என்றேன்.

(காரியதரிசி எழுந்து என் அருகில் வந்து, "விஷயத்துக்கு வா பிள்ளே, தலைவருக்கு நேரமாவு" என்று மெதுவாகச் சொன்னார். விஷயத்துக்குத்தான் வருகிறேன் என்றேன். மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.)

சபையோரே, அந்த விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் நிரப்பியவள் நான். அக்கா பிறந்தது கொல்லம் 1091 ஐப்பசி பத்து என்று முதலாளி சொன்னார். நம் கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக்க எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டினேன். 1916 என்று எழுதினேன். இந்த ஊரில் எல்லோரும் அதைத்தானே கூட்டுகிறோம்? பள்ளியில் கூட்டுகிறோம், கடையில் கூட்டுகிறோம், கடிதத்தில் கூட்டுகிறோம். நேற்று முன்தினம் இதே வாசகசாலையில் ஒரு பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். 1091 என்று அட்டையில் இருந்தது. அதன் கீழே 1915, 1916 என்று இரண்டு ஆங்கில ஆண்டுகள். அப்போதுதான் எனக்குக் கண் திறந்தது.

நம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. அவர்கள் ஆண்டு ஜனவரியில், நம் மார்கழி பாதியில் பிறக்கிறது. தையிலும் மாசியிலும் பிறந்தவருக்கு, ஆடி முடியும் வரைக்கும் பிறந்தவருக்கு, எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டலாம். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முற்பாதி, இவற்றில் பிறந்தவருக்கு எண்ணூற்று இருபத்து நாலைத்தான் கூட்ட வேண்டும். ஐப்பசியில் பிறந்த சுகுமாரி அக்காவின் ஆண்டு 1915. நான் அவள் வாழ்நாளில் ஓர் ஆண்டை அழித்துவிட்டேன். அறிந்தும் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. ஏன்? இன்று இந்தப் பதக்கம் கிடைக்க வேண்டியிருந்தது. இதுதான் உண்மை. இதைவிட நல்ல காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

(பெண்கள் பக்கத்தில் சுகுமாரி அக்கா எழுந்து நின்றுவிட்டாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. காரியதரிசி நெல்லையப்ப பிள்ளை, "பத்திரம் எழுதி எழுதித் தேஞ்ச வெரலாக்கும் இது. முப்பது வருஷம் எண்ணூத்தி இருவத்தஞ்சுதான் கூட்டினேன். எனக்குத் தெரியாத கொல்லமா?" என்றார்.)

காரியதரிசி அவர்கள் மன்னிக்க வேண்டும். தலைவர் அவர்களின் நாற்காலிக்கு மேலே சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது. எல்லோரும் ஒருமுறை பாருங்கள். வாசகசாலை திறந்த நாள், கொல்லம் 1096 கார்த்திகை 4, ஆங்கிலம் 1921. கார்த்திகை ஐயா. எண்ணூற்று இருபத்து நாலு. 1920 என்றல்லவா இருக்க வேண்டும்? பன்னிரண்டு ஆண்டாக இந்தக் கல்லின் கீழே அமர்ந்துதான் நாம் எல்லோரும் படித்தோம். ஒருவரும் காணவில்லை. நானும் காணவில்லை. கல்லில் பிழை இருந்தால் கல்லுக்கு வலிக்காது. விண்ணப்பத்தில் பிழை இருந்தால்?

("கல்லில வெட்டினத இனி யாரு மாத்தது?" என்று காரியதரிசி முணுமுணுத்தார். தலைவர் திரும்பிக் கல்லைப் பார்த்தார். விரல் மடக்கி எண்ணினார். பிறகு என்னிடம், "குழந்தாய், நீ சொல்லும் கணக்கு சரி. ஆனால் உன் வாய்ச்சொல்லை வைத்து நான் கையெழுத்துப் போட முடியாது. அந்தப் பெண் பிறந்த காலத்திலேயே எழுதிய எழுத்து ஏதாவது இருக்கிறதா?" என்றார். உபதேசியார் ராஜதாஸ் எழுந்தார். "சபையில ஞானஸ்நானப் புஸ்தகம் உண்டு ஐயா. பெட்டிச் சாவி எனக்க மடியிலதான் உண்டு. போயிட்டு வர இருவது நிமிஷம் ஆவும்" என்றார். அப்போது கனகதாஸ் முதலாளியின் குரல் கேட்டது. "உபதேசியாரே, நில்லும்.")

(அவர் எழுந்து நின்றார். "கர்த்தர் வாசல அடைச்சாருன்னு நான் சமாதானமா இருந்தேன். ஞாயிறாச்ச ஆராதனை முடிஞ்சதும் இவளப் பாக்க ஆளு வருது. வரலாம்னு நான் வாக்குக் குடுத்தாச்சு. கர்த்தர் அடைச்ச வாசல்ல போயி முட்டப்பிடாது" என்றார்.)

முதலாளி அவர்களே, வாசலை அடைத்தவர் கர்த்தர் அல்ல. நான். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, மை தொட்டு எழுதும் பேனாவால், மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாயிற்று என்ற அவசரத்தில் அடைத்தாள். என் அவசரத்தை ஆண்டவர் சித்தம் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாமா? என் கூட்டல் பிழைக்கு முன்னால் நீங்கள் தலைவணங்கலாமா? அக்காவைப் பார்க்க வருகிறவர்கள் வரட்டும், நல்லவர்களாகவே இருக்கட்டும். அந்த வீட்டிலும் ஒரு நாள் ஒரு கட்டிலும், ஒரு கதவும், ஒரு வாசற்படியும், மழையில் ஒரு டாக்டரும் வரக்கூடும். அன்று கதவருகே நிற்பவள் யார்? கட்டிலில் கிடப்பவள் யார்? சுகம் என்று யார் சொல்ல வேண்டும்?

(சுகுமாரி அக்கா அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருமுறைதான் பேசினாள். "அப்பா, சிப்பத்தில எடை தப்பினா நீங்க திரும்ப நிறுக்க மாட்டியளா?" என்றாள். முதலாளி அவளைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். தூணில் சாய்த்து வைத்திருந்த தம் குடையை எடுத்து உபதேசியாரிடம் நீட்டினார். "மழையாக்கும். புஸ்தகம் நனையாம கொண்டு வாரும்" என்றார். உபதேசியார் போனார். மணி ஆறு ஐம்பத்தைந்து. தலைவர் புறப்பட இருபது நிமிடம் இருந்தது. அந்த இருபது நிமிடமும் நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது.)

ஆகவே, பேரன்பு கொண்ட பெரியோர்களே, பட்டங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. ஒன்பதாம் பக்கத்துக்குப் போவோம். முதலாண்டில் உடற்கூறு. எலும்பு மட்டும் இருநூற்று ஆறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பரீட்சை. இரண்டாம் ஆண்டில் மருந்துகளின் குணம். எந்த மருந்து, எத்தனை துளி, எந்த வயதுக்கு. கவனியுங்கள், அங்கேயும் வயது. மூன்றாம் ஆண்டில் நோயாளியின் கட்டிலருகே நின்று கேட்கப் பழகுவது. நான்காம் ஆண்டில் இருபது பிரசவமாவது தன் கையால் பார்க்க வேண்டும்.

("இருவதா?" என்று பின்வரிசையில் ஒரு தாயார் கேட்டார். "எங்க ஊருக்கு வந்தா ஒரு ஆடி மாசத்தில காணலாம்" என்று இன்னொருவர் சொன்னார். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.)

தாய்மார்கள் சொல்வது சரிதான். அப்படியானால் கேட்கிறேன். பூவார் முதல் பாறசாலை வரை எத்தனை வீடு? வீட்டுக்கு எத்தனை கட்டில்? பெண் டாக்டர் எத்தனை பேர்? தாணு அண்ணன், நீங்கள் சொல்லுங்கள்.

("ஒண்ணும் இல்ல பிள்ளே" என்றார் தாணுமாலயன். இப்போது அவர் குரலில் கேலி இல்லை.)

ஒன்றும் இல்லை. நெய்யாற்றங்கரையிலிருந்து ஒருத்தி வருவாள் என்று காத்திருக்கலாமா? திருவனந்தபுரத்திலிருந்து ஒருத்தி வருவாள் என்று காத்திருக்கலாமா? சென்னையிலிருந்து வருகிறவளுக்கு, "எனக்கு அடிநாபி வலிக்கு, இடுப்பு கடுக்கு" என்று நம் தாய்மார் சொன்னால் புரியுமா? பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக நாம் அழுகிற அழுகை இங்கே பிறந்தவளுக்கல்லவா புரியும்?

(தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார். நான் நிறுத்தவில்லை. அவர் எழுந்ததைப் பார்க்காதவள்போல் நின்றேன். இதையும் உண்மையாகச் சொல்ல வேண்டும்.)

தலைவர் அவர்கள் எழுந்து நிற்கிறார்கள். எழுந்து நிற்கும் தலைவரிடம் எழுந்து நின்றே கேட்கிறேன். நாளைக் காலை முதல் மோட்டார் பஸ்ஸில் காகிதம் திருவனந்தபுரம் போனால்தான் ரயில் தபாலைப் பிடிக்கும். ரயில் தபாலைப் பிடித்தால்தான் இருபதாம் தேதிக்குள் போய்ச் சேரும். நம் பக்கத்துக்கு மாஜிஸ்திரேட் ஒருவர் எப்போது வருவார்? ஆண்டுக்கு ஒருமுறை, பரிசு கொடுக்க வருவார். நான் பதக்கம் கேட்கவில்லை ஐயா. இதோ, கழற்றி மேஜையில் வைக்கிறேன். எனக்கு இது வேண்டாம். ஐந்து நிமிடம் தாருங்கள். உங்கள் பேனாவில் ஒரு துளி மை தாருங்கள். ஒரு பெண்ணின் ஆண்டை நான் அழித்தேன், நீங்கள் அதைத் திரும்ப எழுதித் தாருங்கள்.

(தலைவர் நின்றபடியே இருந்தார். பிறகு உட்கார்ந்து, "ஐந்து நிமிடம்" என்றார். எனக்கு அதற்குமேல் பேசச் சொல் வரவில்லை. மூன்று மணி நேரம் பேசக்கூடியவள் என்று வீட்டில் என்னை ஏசுவார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்கு என்னிடம் ஒரு வரியும் இல்லை. அப்போது அம்மிணி அக்கா பின்வரிசையில் எழுந்தார். "எனக்கு ஒரு காரியம் சொல்லணும்" என்றார். இந்த வாசகசாலையில் கல்யாணமான ஒரு பெண் எழுந்து சபையிடம் பேசியது அதற்கு முன் இல்லை. "அண்ணு எனக்குச் சுகம் இல்ல. யாராவது ஒருத்தி உள்ள வந்து கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வாசலில் குடையை மடக்கும் சத்தம் கேட்டது.)

(உபதேசியார் முழுவதும் நனைந்திருந்தார். குடையைப் புத்தகத்துக்குப் பிடித்திருந்தார், தமக்குப் பிடிக்கவில்லை. தலைவர் காஸ் விளக்கை அருகில் வைக்கச் சொல்லிப் பக்கத்தைப் புரட்டினார். உரக்கப் படித்தார். "1915 டிசம்பர் 12, ஞாயிறு. கனகதாஸ், ஞானபாய் தம்பதியரின் மகள் சுகுமாரி. பிறந்தது அக்டோபர் 27." கண்ணாடியைக் கழற்றினார். "இந்தக் குழந்தை எழுதிய விண்ணப்பப்படி, அந்தப் பெண் பிறந்தது 1916 அக்டோபரில்" என்றார்.)

("அப்பம் பெறக்கதுக்குப் பத்து மாசம் முன்னயே ஞானஸ்நானம் குடுத்தாச்சா உபதேசியாரே? கொஞ்சம் அவசரந்தான்" என்றார் தாணுமாலயன். கூட்டம் முழுவதும் சிரித்தது. கனகதாஸ் முதலாளி சிரிக்கவில்லை. ஆனால் அவர் மேடைக்கு அருகில் வந்து, தலைவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலைவர் கையெழுத்திட்டார். முத்திரை காரில் பெட்டிக்குள் இருந்தது. எடுத்துவரச் செய்து குத்தினார். காகிதத்தை முதலாளியிடம் நீட்டினார். முதலாளி கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார்.)

(காகிதத்தை நெடுநேரம் பார்த்தார். "மொதல் பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டார். யாரிடம் என்று இல்லை. "அஞ்சே முக்கால்" என்று நான்கைந்து பேர் சேர்ந்து சொன்னார்கள். "ஞாயிறு வாறவங்களுக்கு நான் சொல்லி அனுப்புகேன்" என்றார். சுகுமாரி அக்கா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.)

அவையோரே, நான் முடிக்கிறேன். எல்.எம்.பி. என்ற மூன்று எழுத்தும், எம்.பி.பி.எஸ். என்ற நான்கு எழுத்தும் பெரியவைதான். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால், விண்ணப்பத்தின் முதல் வரியில், பிறந்த நாள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைச் சரியாக எழுதத் தெரிந்த ஊரிலிருந்துதான் பெண்கள் வெளியே போக முடியும். உங்கள் வீட்டில் படிக்கும் பெண் இருந்தால், இன்றே போய் அவள் பிறந்த மாதத்தைக் கேளுங்கள். ஆவணியா, தையா என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கூட்டுங்கள். நான் மாதத்தைப் பாராமல் கூட்டினேன்.

எனக்காகப் பதினைந்து நிமிடம் கூடுதலாக இருந்த தலைவர் அவர்களுக்கும், நனைந்துவந்த உபதேசியார் அவர்களுக்கும், என்மேல் கோபம் இருந்தும் பேச்சை நிறுத்தாத காரியதரிசி அவர்களுக்கும், எழுந்து பேசிய அம்மிணி அக்காவுக்கும், குடை கொடுத்த கனகதாஸ் முதலாளிக்கும் நன்றி. என் சுகுமாரி அக்காவுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் இல்லை. மன்னிப்பு மட்டும் கேட்கிறேன். எல்லோருக்கும் நமஸ்காரம்.

பேச்சு இவ்வளவுதான். கீழே இறங்கியதும் சுகுமாரி அக்கா என் காதைப் பிடித்துத் திருகினாள். நன்றாகவே வலித்தது. "நாலு வருஷம் கழிச்சு ஒனக்க விண்ணப்பத்த நான் நிரப்புகேன்" என்றாள். காரியதரிசி மேஜையிலிருந்த பதக்கத்தை எடுத்துப் பஞ்சு வைத்த பெட்டிக்குள் போட்டு மூடினார். "அடுத்த வருஷம் பாப்பம்" என்றார்.

தலைவரின் கார் போன பிறகு கூட்டம் கலைந்தது. நான் செருப்பைத் தேடி உள்ளே திரும்பியபோது நெல்லையப்ப பிள்ளை தனியாக நின்றுகொண்டிருந்தார். கடைசிக் காஸ் விளக்கைக் கையில் தூக்கி, கல்லுக்கு நேராகப் பிடித்திருந்தார். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை என்று விரல் மடக்கினார். மறுபடி முதலிலிருந்து மடக்கினார். பிறகு, "கடைசி எண்ணு ஒண்ணுதான். சுண்ணாம்பு வச்சு அடைச்சிட்டு வெட்டிரலாம்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு விளக்கை இறக்கினார். விளக்கு அணைக்கப்பட்டது.